பாட்டுக்காரன் கூலியும் சரஸ்வதி கடாட்சமும்

நமது நாட்டில் ஒருவன் நன்றாக நெய்தால் அவனைக் கைத்தேர்ந்த நெசவுக்காரன் என்கிறோம். நன்றாக உழுதால் நல்ல பாட்டாளி என்கிறோம். ஆனால் ஒருவன் நன்றாகப் பாடிவிட்டால் மாத்திரம், "சரஸ்வதி கடாட்சம்", "பூர்வ ஜன்ம புண்ணியம்", "தெய்வ அருள்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். இது பாடினவனுக்குச் செய்யும் மரியாதையென்று அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இது அவனுடைய கூலியைக் களவாடும் வித்தையென்பதே நமது அபிப்பிராயம். எப்படியென்றால், பாட்டு கடவுள் கொடுத்ததென்று ஆகிவிட்டால், பாடினவனுக்கு நாம் கடன்பட்டவர்களல்ல என்று ஆகிவிடுகிறதல்லவா? கடன் முழுதும் கடவுள் கணக்கில் போய்விடுகிறது. கடவுளோ கடமலைக்குண்டு வரைக்கும் நடந்துவந்து வசூல் செய்துகொள்ளப் போவதில்லை. ஆகவே கொடுக்க வேண்டியவனுக்கு லாபம், வாங்க வேண்டியவனுக்குப் பட்டினி.

இதற்கு உதாரணம் தேடிக் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போக வேண்டியதில்லை. நமது மலைக்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கிலே, பண்ணைப்புரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்த ஊரில், வருணாசிரம தர்மத்தின்படி கடைசிப் படிக்கும் கீழே தள்ளப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர்தான் பாவலர் வரதராஜன். அவர் கம்யூனிஸ்டு கட்சி மேடைகளில் பாடினவர். பாட்டைத் தாமே கட்டுவார், தாமே பாடுவார். மெட்டு எங்கே கிடைக்கும்? நடவு வயலிலும், ஏற்றத்திலும், தாலாட்டிலும், சினிமாக் கொட்டகையிலும் ஜனங்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளே அவருக்குப் போதும். அதிலே கூலி, குத்தகை, ஓட்டு, விலைவாசி முதலிய விஷயங்களை ஏற்றிவிடுவார். இரண்டு மணி நேரப் பிரசங்கத்தில் ஏறாத சமாச்சாரம் ஐந்து நிமிஷப் பாட்டில் ஏறிவிடும்.

அவருக்குத் துணையாகச் சென்றவர்கள் கூலிக்கு அமர்த்தின ஆட்களல்ல, அவருடைய தம்பிமார்களே. பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகிய மூவரும் அண்ணனோடு ஊர் ஊராய்ப் போனார்கள். 1943-ல் பிறந்த ராசையா தம்முடைய பதினான்காவது வயது வாக்கில் அந்தக் குழுவில் சேர்ந்து, ஏறக்குறையப் பத்து வருஷ காலம் தென்னாடு முழுதும் சுற்றினார். முதலில் பெண் குரலில் பாடிக்கொண்டிருந்ததாயும், வயதேறிக் குரல் உடைந்த பிறகு ஆர்மோனியப் பெட்டிக்கு மாறினதாயும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த ராசையாதான் இன்று உலகம் அறிந்த இளையராஜா. அமர்சிங் பிற்பாடு கங்கை அமரன் என்ற பெயரால் பாட்டெழுதி விளங்கினார்.

இந்தக் குழு செய்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். 1957-ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் மந்திரிசபை அமைந்தது. 126 இடங்களில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்தவை 60 தான். சுயேச்சைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டே பெரும்பான்மை காட்ட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் தேவிகுளம் தேர்தல் செல்லாதென்று கோர்ட்டில் தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. அங்கே ஓட்டர்களில் பெரும் பகுதியார் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் கூலிகள். நமது ஜில்லாவிலிருந்து போடிமெட்டு வழியாய் இன்றைக்கும் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கிக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்களே, அவர்களைப் போன்ற பாட்டாளிகள். பிரசங்கிகள் மலையாளத்தில் பேசினால் அவர்களுக்கு என்ன விளங்கும்? வரதராஜனும் தம்பிமார்களும் மலையேறிப்போய்த் தமிழில் பாடினார்கள். தோழர் ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். இந்த வெற்றியின் பெருமை பாவலரையே சேரும் என்று நம்பூதிரிபாடே சொன்னதாக ஒரு பேச்சு நம் பக்கத்தில் வெகு காலமாய் வழங்கி வருகிறது. ஓட்டுகள் எத்தனை பாட்டினால் விழுந்தன என்று யாரும் எண்ணிவிட முடியாது. ஆனால் மேடைப் பேச்சு எட்டாத கூலி லயத்துக்குப் பாட்டு எட்டியது என்பதை யாரும் மறுக்கவும் முடியாது.

அதன் பிறகு நடந்தது என்ன? 1968 வாக்கில் தம்பிமார் சென்னைக்குப் புறப்பட்டார்கள். வீட்டிலிருந்த ரேடியோவை விற்றுத் தாயார் சின்னத்தாய் கொடுத்த பணமே வழிச்செலவுக்கு ஆயிற்று என்று இளையராஜா சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதத்தை எழுத்தறிவு கற்பதுபோல் முதலிலிருந்து கற்றார். ஜி.கே. வெங்கடேஷ் முதலானவர்களிடம் உதவியாளராயும் வாத்தியக்காரராயும் வேலை பார்த்தார். 1976-ல் "அன்னக்கிளி" வந்தது. தேவிகுளத்திலிருந்து அன்னக்கிளிக்கு வந்து சேர 18 வருஷங்கள் ஆயின. பாவலர் வரதராஜன் அதைக் காணவில்லை. அவர் 1973-லேயே இறந்துபோனார்.

இப்பொழுது கேட்கிறோம்: இந்தப் பதினெட்டு வருஷமும் சரஸ்வதி எங்கே இருந்தாள்? கடாட்சம் வைக்கிறவள் பண்ணைப்புரத்திலேயே வைத்துத் தொலைத்திருக்கலாமே! ரேடியோவை விற்கச் சொல்வானேன்? தன்ராஜ் மாஸ்டர் வீட்டுப் படியேறச் சொல்வானேன்? அவள் நாக்கில் எழுதிவிட்டால் போதுமென்றால் ஆர்மோனியத்தின் கட்டைகளில் விரல் தேயத் தேயப் பழகுவானேன்? இவ்வளவு உழைப்பும் உழைத்தவன் மனிதன். பெயர் மாத்திரம் கல்லுக்கா?

"எல்லோரும்தான் உழைக்கிறார்கள், எல்லோரும் இளையராஜா ஆகிவிட்டார்களா?" என்று சில ஆஸ்திகத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மனிதனுக்கு மனிதன் திறமையில் வித்தியாசம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமை எந்த வீட்டில் தோன்றியது பாருங்கள். வித்தைக்கு அருகதையில்லையென்று எந்த ஜாதிகளைச் சாஸ்திரம் ஒதுக்கிவைத்ததோ, அங்கே தோன்றியது. கட்சி மேடை என்ற ஒரு கதவு திறந்திருந்தபடியால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அந்தக் கதவும் இல்லாமல் வருஷநாட்டு மலையடிவாரத்திலும், நமது கடமலைக்குண்டுச் சேரியிலும் எத்தனை ராசையாக்கள் ஆடு மேய்த்தே செத்தார்களோ, யார் கணக்குச் சொல்லுவார்கள்? அருள் என்று பேசுகிறவர்கள் அந்தக் கணக்கையும் கடவுளிடமே கேட்டுச் சொல்லட்டும்.

இளையராஜா பக்திமான். அது அவருடைய சொந்த விஷயம். அதிலே தலையிட நமக்கு அவசியமில்லை. ஆனாலும் 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் அவர் அர்த்த மண்டபத்துக்குள் போகத் தலைப்பட்டபோது வெளியே நிற்கும்படி சொன்னதாய்ச் செய்தி பரவிற்று. அர்ச்சகர், ஜீயர் முதலியோரைத் தவிர வேறு எவரும் அங்கே போகக்கூடாதென்பது பழைய வழக்கமென்று அறநிலையத் துறையார் விளக்கம் சொன்னார்கள். தாம் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவனல்ல என்றும், வீண் வதந்தியை நம்ப வேண்டாமென்றும் அவரும் எழுதினார். அவருடைய வார்த்தையை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒரு மனிதருக்கு அவமானம் நேர்ந்ததா இல்லையா என்பது இங்கே நமது வாதமல்ல. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இசை கொடுத்தவருக்குக்கூட ஒரு வாசற்படியில் "இதுவரைதான்" என்று சொல்லுகிற வழக்கம் யாருடைய நன்மைக்காக ஏற்பட்டது என்பதே நமது கேள்வி. அருள் அவர்மேல் பொழிகிறதென்றால், பொழிகிற இடத்துக்கு அவரே போகக்கூடாதாம்! இது என்ன நியாயம்?

பாட்டுக்காரனின் மானம் நமது இயக்கத்துக்குப் புதிய விஷயமல்ல. முன்னொரு காலத்தில் நாதஸ்வர வித்வான்கள் பெரிய மனிதர்கள் முன்னிலையில் தோளில் துண்டு போடக்கூடாது. கானாடுகாத்தானில் ஒரு கலியாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து என்ற வித்வானைத் துண்டை எடுக்கச் சொன்னபோது, பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்று, எடுக்காதே, வாசி என்று சொன்னதை மூத்த தோழர்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரு முழத் துண்டுக்காக அன்று சண்டை போட்டது, வாசிக்கிறவனும் மனிதனே என்பதை நிலைநாட்டத்தான்.

அயர்லாந்து தேசத்தைப் பாருங்கள். அங்கே தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி 1907-லேயே தொழிலாளருக்கென்று ஒரு பாட்டுப் புஸ்தகம் போட்டார். 1916 புரட்சிக்காக வெள்ளைக்காரன் அவரைச் சுட்டுக்கொன்றான். பிற்காலத்தில் டப்ளின் நகரத்துத் தொழிலாளி வீட்டில் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன லூக் கெல்லி என்பவர், 1962-ல் ஏற்பட்ட ஒரு நாட்டுப்பாடல் குழுவில் சேர்ந்து ஊர் ஊராய்ப் பாடினார். அவர் 1984-ல் இறந்தார். 2019-ல் அந்த நகரத்தில் அவருக்கு இரண்டு சிலைகள் திறந்தார்கள், திறந்து வைத்தவர் அந்நாட்டு ஜனாதிபதி. சிலை வைத்துச் சூடம் கொளுத்துங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு தேசம் தன் கூலிக்காரப் பாடகனை இன்னான் என்று பெயர் சொல்லி நினைக்கிறது என்பதைக் காட்டவே எழுதுகிறோம்.

நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? எந்தக் கட்சியாயிருந்தாலும் கூட்டத்தில் முதலில் பாட்டு. ஜனங்கள் சேருகிற வரையில் தொண்டை கிழியப் பாட வேண்டும். தலைவர் கார் வந்தவுடன் பாதிப் பாட்டில் நிறுத்த வேண்டும். மாலை தலைவருக்கு, சால்வை தலைவருக்கு. நோட்டீசில் பத்துப் பெயருக்குக் கீழே "இன்னிசை உண்டு" என்று ஒரு வரி. யாருடைய இன்னிசை? அவனுக்குப் பெயரில்லையா? ஊர்த் திருவிழாவிலோ இதைவிட மோசம். இரவெல்லாம் பறையடித்தவன் விடிந்த பிறகு கூலிக்காகக் கைகட்டி நிற்க வேண்டும். ராத்திரி அவன் தாளத்துக்கு ஆடின கால்கள், பகலில் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரக் கூசுகின்றன. இழவு வீட்டில் ஒப்பாரி பாடுகிற கிழவிக்கு வாயில் எத்தனை நூறு பாட்டு! அவள் செத்தால் அவளோடு அவ்வளவும் சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது. இதெல்லாம் கடவுள் செயலா, நமது செயலா?

ஆகவே தோழர்களே, கடமலைக்குண்டிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் உள்ள நமது இயக்கத்தார் சில காரியங்களையாவது இன்றைக்கே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கூட்ட நோட்டீசில் பேசுகிறவர் பெயர் எந்த எழுத்தில் அச்சாகிறதோ அதே எழுத்தில் பாடுகிறவர், கொட்டுகிறவர் பெயரும் அச்சாக வேண்டும். கூலியை முன்கூட்டியே பேசி, மேடையிலிருந்து இறங்குமுன் கையில் கொடுத்துவிட வேண்டும். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தியில். ஊரிலுள்ள பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், பாடுகிற பாட்டுகளைப் படித்த வாலிபர்கள் எழுதிவைக்க வேண்டும், பாடினவர் பெயரோடு. பாவலர் மேடையை நேரில் கண்டவர்கள் நமது ஜில்லாவில் இன்னும் இருந்தால், அவர்களைத் தேடிப்போய் நினைவிலிருக்கிற பாட்டுகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை என்றால் அவர்கள் இருப்பார்களோ என்னவோ. சேரிப் பிள்ளையின் கையில் ஒரு ஆர்மோனியமோ தவிலோ வாங்கிக் கொடுத்துச் சொல்லிக்கொடுக்க ஆளையும் வைப்பீர்களானால், அது பத்துக் கும்பாபிஷேகத்தைவிட மேலான காரியம்.

இவ்வளவும் செய்த பிறகு எவராவது வந்து, இந்தப் பையன் பாடுவது சரஸ்வதி கடாட்சம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆர்மோனியத்துக்குப் பணம் கொடுத்த ரசீது மாத்திரம் நம்மிடம் இருக்கட்டும்.