சவூதியில் ஆசிரியர் வேலை: மிஞ்சுவது எவ்வளவு?

சவூதி அரேபியாவில் ரியாத், ஜித்தா, தம்மாம் நகரங்களில் வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அதுவே பெரிய கவர்ச்சி.

ஆனால் குடும்பத்தோடு வாழ்வதுதான் கஷ்டம். 2017 ஜூலையில், தனியார் வேலையில் இருப்போரின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. 2020-ல் அது 400 ரியால் ஆயிற்று. மனைவி, 2 குழந்தைகள் என்றால் மாதம் 1,200 ரியால்! மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கியவர்கள் உண்டு.

நல்ல மாறுதல்களும் வந்துள்ளன. 2018 முதல் பெண்கள் கார் ஓட்டலாம். ஆசிரியைகளுக்கு இது பெரிய வசதி. 2021 முதல், சில நிபந்தனைகளுடன், முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம்.

விமானம் ஏறுமுன் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. வாடகை யார் தருவது, குடும்பக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். மிச்சம் அங்கேதான் இருக்கிறது.