ஊமை ஃபேடருக்கு ஏன் காசு?

இன்னைக்குக் கொஞ்சம் காரமான பதிவு. வீட்டுலயே பாட்டு பதிவு பண்ணி மிக்ஸ் செய்யுற ஆசாமிகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மவுஸைத் தூக்கிப் போட்டுட்டு ஃபேடர் வச்ச பெட்டி ஒண்ணு வாங்கிட்டா மிக்ஸ் தானா நல்லா வந்துடுமாம். விக்கிறவங்களும் 'எல்லா மென்பொருளோடயும் வேலை செய்யும்'னு அட்டையில அச்சடிச்சிடுறாங்க. எனக்குச் சண்டை அந்த ஒரு வரியோடதான்.

மலிவான பெட்டிகள்ல ஃபேடரை நகர்த்தினா மென்பொருளுக்குச் சேதி போகும். மென்பொருள்ல ஃபேடர் நகர்ந்தா பெட்டி அசையாது, ஏன்னா மோட்டார் கிடையாது. அடுத்த எட்டு ட்ராக்குக்குப் போய் கை வச்சதும் சத்தம் எகிறும். இதைத் தடுக்க 'பிக்கப்'னு ஒரு வசதி. பழைய மதிப்பை ஃபேடர் தொடுற வரைக்கும் ஒண்ணுமே நடக்காது. இதுக்கு மவுஸே தேவலை!

அடுத்தது, பேசுற மொழி. 1983ல வந்த மிடியோட சாதாரண கண்ட்ரோல் சேதியில 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிதான். மேக்கி கண்ட்ரோல் முறை அதுக்குப் பதிலா பிட்ச் பெண்ட் சேதியைப் பயன்படுத்துது. அதுல 16,384 படி. புத்திசாலித்தனம்தான். ஆனா அது ஒரு பெட்டிக்காக எழுதின மொழி. எட்டு சேனல், ஒரு மாஸ்டர், ட்ராக் பேருக்கு ஏழு எழுத்து இடம், அதுவும் ஆங்கிலத்துல. 'மிருதங்கம்'னு தமிழ்ல பேர் வச்சா அந்தத் திரையில வராது. இன்னைக்கு வர்ற பல பெட்டிகளும் செயலிகளும் அந்தப் பழைய பெட்டி மாதிரி வேஷம் கட்டித்தான் பேசுதுங்க.

மாற்று இல்லாமலா இருக்கு? கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்தோட சிஎன்மேட் மையம் 1997லயே ஓஎஸ்சியை வெளியிட்டாச்சு. அதுல 'ட்ராக், 1, வால்யூம்'னு படிச்சாலே புரியுற முகவரி போகும், கூடவே தசம மதிப்பு. ரீப்பர், ஆர்டர் ரெண்டும் இதை ஏத்துக்கும். ரீப்பர்ல எந்த முகவரி எந்த வேலைக்குன்னு சாதாரண உரைக் கோப்புல நாமே மாத்திக்கலாம். வீட்டுல தூங்குற டேப்லட்ல டச்ஓஎஸ்சி மாதிரி ஒரு செயலி. கணினியும் டேப்லட்டும் ஒரே வைஃபையில. ரெண்டோட ஐபி முகவரி, போக ஒரு போர்ட், வர ஒரு போர்ட். அவ்வளவுதான். வர்ற போர்ட்டை விட்டுட்டா அதுவும் ஊமை ஃபேடர்தான், ஜாக்கிரதை.

"கண்ணாடியைத் தடவினா ஃபேடர் சுகம் வருமா?"ன்னு கேப்பீங்க. வராது. கண்ணை மூடிக்கிட்டு பாடகர் குரலை ஏத்தி இறக்க நிஜ ஃபேடருக்கு ஈடில்லை. வைஃபை திணறினா சேதியும் தொலையும். மேடை நிகழ்ச்சின்னா கம்பி போடுறதுதான் நல்லது. காசு இருக்கிறவங்க மோட்டார் ஃபேடரே வாங்கட்டும், வேண்டாங்கலை.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. மோட்டார் இருக்கா? எந்த மொழியில பேசும்? கம்பெனி கைவிட்டாலும் தனி டிரைவர் இல்லாம ஓடுமா? மூணுக்கும் ஒழுங்கா பதில் வரலைன்னா அந்தக் காசுல ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்க. மிக்ஸ் பண்றது காதுதான், விரல் இல்லை.