நாடகத்துக்குப் பரிசு, கிளியோனுக்கு வாக்கு

போர் என்பது சர்வாதிகாரிகளின் வேலை, மக்களிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்ற நம்பிக்கை எம்மில் பலருக்கு உண்டு. ஜனநாயகத்தின் தாய்வீடு என்று கொண்டாடப்படும் ஏதென்சின் கதை அப்படியில்லை. கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவுடன் தொடங்கி 404இல் ஏதென்சின் சரணடைவுடன் முடிந்த போரின் பெரிய முடிவுகள் மக்கள் சபையில் கை உயர்த்தி எடுக்கப்பட்டவை. 427இல், கிளர்ச்சி செய்த மிற்றிலீன் நகரின் ஆண்கள் அனைவரையும் கொல்லவும் அந்தச் சபை வாக்களித்தது. மறுநாள் மனம் மாறி, தடுப்பதற்கு இன்னொரு கப்பலை அனுப்பியது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே வாக்கில்லை.

அந்த மக்களையே முன்னால் இருத்திவைத்து, போர் நடக்கும்போதே, நகரத்தின் விழாவில் அரிஸ்ரோபனிஸ் நகைச்சுவை நாடகம் போட்டார். நான் அடிக்கடி திரும்பிப் போவது 425இல் மேடையேறிய 'அக்கார்னியர்' நாடகத்துக்கு. ஸ்பார்ட்டாப் படை அநேகமாக ஆண்டுதோறும் வயல்களை அழித்ததால் கிராமத்தவர்கள் நகர மதிலுக்குள் இடம்பெயர்ந்திருந்தார்கள். அந்த நெரிசலில்தான் 430இல் கொள்ளைநோய் பரவியது. அப்படி வந்த ஒரு விவசாயிதான் நாயகன். சமாதானம் பற்றிப் பேசச் சபை இடம் கொடுக்காததால் வெறுத்துப்போய், தன் குடும்பத்துக்கு மட்டும் ஸ்பார்ட்டாவுடன் தனி உடன்படிக்கை செய்துகொள்கிறான். உடன்படிக்கைகள் வைன் மாதிரிகளாக வருகின்றன. ஐந்து வருடத்தினுடையதை முகர்ந்தால் போர்க்கப்பலுக்குப் பூசும் தார் மணக்கிறது. முப்பது வருடத்தினுடையதை எடுக்கிறான். போர்நிறுத்தங்களைக் கண்ட எவருக்கும் அந்தத் தார் மணம் தெரியும்.

அவனைக் கல்லெறிய வருபவர்கள், திராட்சைக் கொடிகளை இழந்த கரி சுடும் கிழவர்கள். இழந்தவர்களே போரை உரக்கக் கேட்கிறார்கள். இறைச்சி வெட்டும் கட்டையில் தலையை வைத்தபடி அவன் வாதாடுகிறான்: தன் கொடிகளும் வெட்டப்பட்டன, ஆனாலும் எல்லாப் பிழையும் எதிரியுடையதல்ல. மெகாரா மீது ஏதென்ஸ் விதித்த வணிகத் தடையைச் சுட்டுகிறான். பிறகு மெகாராக்காரன் ஒருவன் பட்டினி தாங்காமல் தன் இரண்டு பெண்பிள்ளைகளைப் பன்றிக்குட்டிகள் என்று சாக்கில் போட்டு விற்க வருகிறான். ஏதென்ஸ் சிரித்திருக்கும். பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை.

கிடைத்த சமாதானத்தையும் அவன் பகிர்வதில்லை. உழவு மாடுகளைப் பறிகொடுத்து அழுதழுது கண் மங்கிய ஒருவன் ஒரு சொட்டுக் கேட்கிறான், விரட்டிவிடுகிறான். ஒரு மணப்பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் கொடுக்கிறான், போருக்குப் பெண்கள் பொறுப்பல்ல என்பதால். தனக்கு மட்டும் அமைதி தேடுபவன் பக்கத்து வீட்டானுக்குக் கதவைச் சாத்தத்தான் வேண்டும். நாடகத்தில் மிக நேர்மையான இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

முந்தைய ஆண்டு நாடகத்துக்காக, வெளிநாட்டவர் முன் நகரை அவமதித்தார் என்று கிளியோன் அவர்மேல் குற்றஞ்சாட்டியிருந்தார். எமக்கும் பழகிய குற்றச்சாட்டு! அரிஸ்ரோபனிஸ் அடங்கவில்லை. 424இல் 'குதிரைவீரர்' நாடகத்தில் கிளியோனை எசமானை ஏய்க்கும் அடிமையாக்கினார். அந்த எசமானின் பெயரே 'மக்கள்': முகஸ்துதிக்கு மயங்கும் கிழவன். தலைவனைத் திட்டுவது எவருக்கும் இனிக்கும். வாக்காளனை மேடையில் ஏற்றியதுதான் துணிச்சல். அவர்கள் சிரித்தார்கள், முதற்பரிசும் கிடைத்தது. அதே ஆண்டில் கிளியோனைத் தளபதிகளில் ஒருவராகத் தெரிவும் செய்தார்கள்.

422இல் கிளியோன் போரில் இறந்தார். மறுவருடம் ஐம்பது ஆண்டுகளுக்கென்று சமாதானம் எழுதப்பட்டது. 416இல் மீலோஸ் தீவை முற்றுகையிட்ட ஏதென்ஸ், அது சரணடைந்ததும் ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. 415இல் சிசிலிக்குப் படைக்கப்பல்கள் புறப்பட்டன. அதுவும் வாக்கெடுப்பில்தான்.