குப்பை மேடும் நிலப்படமும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், மயூர் விகாரில் குடியிருப்போருக்குக் காசிப்பூர்க் குப்பை மேட்டைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காற்று இப்பக்கம் திரும்பும் நாளெல்லாம் அதுவே தன்னை அறிவித்துக் கொள்ளும். 1984-ஆம் ஆண்டு அங்கே குப்பை கொட்டத் தொடங்கினர். 2002-ஆம் ஆண்டிலேயே அவ்விடம் நிரம்பிற்று. ஆயினும் கொட்டுவது நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று மேட்டின் ஒரு பகுதி சரிந்து, சாலையில் சென்றோரைக் கால்வாயில் தள்ளியது. இருவர் உயிரிழந்தனர். 2019-இல் அதன் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். குதுப்மினாரின் உயரமோ 73 மீட்டர்.

பால்ஸ்வா 1994-லும் ஒக்லா 1996-லும் தோன்றின. குப்பை நிலம் எங்கே அமையலாம் என்று வரையறுத்த விதிகள் 2000-ஆம் ஆண்டில்தான் வந்தன. ஆகவே மூன்று மேடுகளும் விதிக்கு முந்தியவை. கழிவிலிருந்து ஊறி இறங்கும் கரிய நீரைத் தடுக்க அவற்றின் அடியில் விரிப்பு ஏதும் இடப்படவில்லை. இடத் தேர்வில் நேர்ந்த பிழையைப் பின்னர் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் முற்றும் திருத்துதல் அரிது.

இந்நாளில் இடம் தேர்வதற்குக் கணிப்பொறி துணை நிற்கிறது. ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறை, 1960-களில் கனடா நாட்டில் ரோஜர் டாம்லின்சன் என்பவரது முயற்சியால் உருப்பெற்றது. அதன் அடிப்படை மிக எளிது. இரயில் பாதைத் திட்டங்களை மெல்லிய தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது எம் போன்ற இரயில்வே ஊழியர் அறிந்ததே. கணிப்பொறியும் அதையே செய்கிறது. ஆறும் குளமும் ஒரு தாள். மண்ணின் தன்மை ஒரு தாள். நிலத்தடி நீரின் ஆழம் ஒரு தாள். சாலை, காடு, குடியிருப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள்கள். நிலப்பரப்பு முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாத் தாள்களும் கூறுவதை அது தொகுத்துக் காட்டும்.

தொகுக்கும் முறையை விளக்க, நம் இல்லங்களில் பெரியோர் வரன் பார்ப்பதை நினைவுகொள்வோம். இரச்சுப் பொருத்தம் இல்லையெனில் மேற்கொண்டு பேச்சில்லை என்பர். பிற பொருத்தங்களில் ஒன்று குறைந்தால் மற்றொன்றால் ஈடு செய்வர். இங்கும் அவ்வாறே. 2016-ஆம் ஆண்டு விதிகள், ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவு வேண்டுமென்றன. இவற்றுக்குட்பட்ட கட்டங்கள் முதலிலேயே நீங்கும். எஞ்சியவற்றுக்கு மண், நீராழம், வண்டி செல்லும் தொலைவு முதலியவற்றைக் கொண்டு மதிப்பெண் இடப்படும்.

தில்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரே வட்டத்தின் பரப்பு 1,256 சதுர கிலோமீட்டர்! பாலம் விமான நிலையத்தைச் சுற்றி ஒன்றும், ஹிண்டன் விமானப்படைத் தளத்தைச் சுற்றி ஒன்றுமாக இரு வட்டங்கள் வரைந்தால், நகரின் பெரும்பகுதி மறைந்துவிடும். 10 முதல் 20 கிலோமீட்டர் வரை தனி அனுமதி பெற்று அமைக்க விதி இடந்தந்தது உண்மையே. எனினும் இரு வட்டங்களுக்கும் வெளியே தெளிவாக நிற்பது வடகோடியிலுள்ள நரேலாப் பகுதி. நரேலா–பவானாவில் குப்பை நிலமும், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் ஏற்கெனவே உள்ளன.

அந்த நரேலாவில் இன்று நம்மவரும் குடியேறியுள்ளனர். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டித் தமிழர் பல்லாண்டு வாழ்ந்த மதராசிக் குடியிருப்பு 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்கு நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. குடியிருப்புத் தாள் அதற்கு முன்னர் வரைந்ததாயின், இக்குடும்பங்கள் அதில் இரா. தாளில் இல்லாதவர் கணக்கிலும் இல்லாதவரே அன்றோ!

கணிப்பொறி நடுநிலை தவறுவதில்லை. கொடுத்ததைக் கொண்டு கூட்டும். ஆனால் எந்தத் தாளைக் கொடுப்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்வோர் மனிதரே. வண்டிச் செலவுக்கு மிகுதியும் மக்கள் நலத்துக்குக் குறைவுமாக மதிப்பெண் இட்டால், அதே நிலப்படம் வேறோர் ஊரைச் சுட்டும். 2017-இல் காசிப்பூர்க் குப்பையை ராணிகேடாவுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது அவ்வூரார் மறித்தனர். மறு ஆண்டு யமுனைக் கரையிலுள்ள சோனியா விகாரும் கோண்டா குஜ்ரானும் குறிக்கப்பட்டபோது அங்கும் எதிர்ப்பு எழுந்தது. முடிவு செய்தபின் மக்களிடம் செல்வதைவிட, மதிப்பெண் இடுமுன் செல்வதே முறையாகும்.

ஆகவே, புதிய இடம் பற்றிய அறிவிப்பு வருமாயின் நம் அன்பர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எந்தெந்தத் தாள்கள் வைக்கப்பட்டன? அவை எந்த ஆண்டினவை? எதற்கு எவ்வளவு மதிப்பெண்? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி இவற்றை எழுத்து மூலம் கேட்கலாம். நரேலாவில் உள்ளோர் சார்பில் கேட்பது மற்றப் பகுதித் தமிழர்க்கும் கடமையாகும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ மனு எழுதத் தெரிந்தோர் எழுத அறியாதார்க்கு உதவுக.

மற்றொன்றும் உண்டு. எந்த நிலப்படமும் குப்பையைக் குறைத்துத் தராது. சமையலறைக் கழிவை வேறாகவும், தாளையும் பிளாஸ்டிக்கையும் வேறாகவும் நம் வீட்டு வாயிலிலேயே பிரித்துக் கொடுத்தால், கொட்ட வேண்டிய நிலத்தின் அளவு சுருங்கும். நாம் பிரிக்காது எறியும் ஒவ்வொரு பையும் இன்னொருவர் வாயிலில் ஒரு பிடி மேடாக உயர்கிறது என்பதை மறவாதிருப்போமாக.