மூன்று மொழி பேசிய பிள்ளை மக்கா?

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

செண்டாயான் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் நாங்கள். விடியுமுன் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவோம். என் மூத்தவன் வீட்டில் தமிழ் பேசினான். கம்பத்துப் பிள்ளைகளோடு பந்தடித்தே மலாய் கற்றான். கடைத் தவுக்கேயிடம் கந்தோனீஸில் கடன் சொல்லி அரிசி வாங்கி வருவான். பன்னிரண்டு வயசுக்குள் மூன்று மொழி!

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனான். மலாய்த் தேர்வில் புள்ளி போதவில்லை என்று புகுமுக வகுப்பில் உட்கார வைத்தார்கள். கூட விளையாடிய பையன்கள் முதலாம் படிவத்துக்குப் போனார்கள். இவன் ஒரு வருஷம் பின்னால் நின்றான். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மொழி கேட்டு வளர்ந்தவன் கெட்டிக்காரன். மூன்றைச் சுமந்தவன் மக்கா?

"வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்" என்றார் ஓர் ஆசிரியர். காய்ச்சலில் முனகும் பிள்ளையிடம் நான் வேறு எதில் பேசுவது? எனக்குத் தெரிந்த மலாய் கடைக்கும் சம்பளச் சீட்டுக்கும் போதும். பிள்ளை வளர்க்கப் போதுமா?

மூன்றாம் படிவத்தோடு அவன் படிப்பை விட்டான். யாரும் தேடி வரவில்லை.

தோட்டமும் போனது. பால்மரம் நின்ற மண்ணில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான், தொழிற்பேட்டை, வான்படைத் தளம். நாங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறினோம். இளையவள் தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தாள். 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழியுண்டு என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். கேட்டோம், கையெழுத்தும் போட்டோம். ஆசிரியர் இல்லை என்றார்கள். அப்புறம் வகுப்பு பள்ளி விட்ட பிறகு என்றார்கள். பஸ் போன பிறகு அவள் எதில் வீடு வருவாள்?

இது போதாதென்று, தாய்மொழிப் பள்ளியே அரசியலமைப்புக்கு விரோதம் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2021இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2023இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 2024இல் கூட்டரசு நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. மலாயைத் தேசிய மொழி என்று சொல்லும் 152ஆம் விதியே, பிற மொழியைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்கிறதே! அதை அவர்கள் படிக்கவில்லையா? நாங்கள் இந்த மண்ணில் இருப்பதற்கு இன்னும் எத்தனை தீர்ப்பு வாங்க வேண்டும்?

தேர்தலுக்குத் தேர்தல் தமிழ் தமிழ் என்று முழங்கும் நம்மவர்களே, உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்? எங்கள் பிள்ளையைக் காட்டிக் கைதட்டு வாங்கினீர்கள். அவன் பள்ளியை விட்ட அன்று எங்கே போனீர்கள்?

மலாய் வேண்டாம் என்று எந்தத் தாய் சொன்னாள்? கூடவே தமிழும் இருக்கட்டும் என்றுதானே கெஞ்சினோம்! பிள்ளைக்குத் தெரியாததையே எண்ணினீர்களே, தெரிந்ததை ஒரு நாளாவது எண்ணினீர்களா?

பதில் சொல்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும்.