தோல்வியே காணாத கிராஃபோர்ட்: வென்றது யாரை என்ற கேள்வி

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் டெரன்ஸ் கிராஃபோர்ட் 2025 டிசம்பரில் தமது 38-ஆவது வயதில் ஓய்வை அறிவித்தபோது, அவரது கணக்கில் 42 மோதல்களும் 42 வெற்றிகளும் இருந்தன. அவற்றில் 31 வெற்றிகள் நாக் அவுட் முறையில் கிடைத்தவை. ஐந்து எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற அவர், மூன்று பிரிவுகளில் போட்டியற்ற ஒரே சாம்பியனாகவும் திகழ்ந்தார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் நான்கு உலக அமைப்புகள் தனித்தனியே பட்டம் வழங்குகின்றன; ஒரே எடையில் நான்கு 'உலக சாம்பியன்கள்' இருப்பது புதிதாகப் பார்ப்பவரைக் குழப்புவதில் வியப்பில்லை. அந்த நான்கு பட்டங்களையும் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் ஒருசேரக் கைப்பற்றிய முதல் ஆடவர் கிராஃபோர்டே.

ஆயினும் அவரை எல்லாக் காலத்துக்குமான மாபெரும் வீரர்களின் வரிசையில் வைப்பதற்குத் தயங்குவோர் உள்ளனர். அவரது திறமையில் எவருக்கும் ஐயமில்லை. இடது, வலது என இரு நிலைகளிலும் சம வலுவுடன் நின்று மோதக்கூடிய வீரர்கள் அரிது. கேள்வி எழுவது அவர் வென்றவர்களின் பட்டியல் குறித்தே.

2014 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரிக்கி பர்ன்ஸை அவரது சொந்த மண்ணிலேயே தோற்கடித்து, 61 கிலோ பிரிவில் கிராஃபோர்ட் முதல் உலகப் பட்டத்தை வென்றார். அடுத்து 63.5 கிலோ பிரிவுக்கு உயர்ந்து, 2016-இல் அதுவரை தோல்வியறியாத உக்ரைன் வீரர் விக்டர் போஸ்டோலையும், 2017-இல் அதேபோல் தோல்வியறியாத நமீபிய வீரர் ஜூலியஸ் இன்டோங்கோவையும் வீழ்த்தினார். இவை நல்ல வெற்றிகள். ஆனால், இப்பெயர்கள் குத்துச்சண்டை வட்டாரத்துக்கு வெளியே அதிகம் அறியப்பட்டவை அல்ல.

சிக்கல் 66.7 கிலோ பிரிவில்தான் தொடங்கியது. 2018 ஜூனில் ஆஸ்திரேலிய வீரர் ஜெஃப் ஹார்னிடமிருந்து அவர் அப்பிரிவின் பட்டத்தைப் பறித்தார். ஹார்னின் பெருமையோ, மேனி பாக்கியோவுக்கு எதிராகப் பெற்ற சர்ச்சைக்குரிய ஒரு தீர்ப்பை நம்பியிருந்தது. பின்னர் வந்த அமீர் கான், கிராஃபோர்டைச் சந்திக்கும் முன்பே மூன்று முறை நாக் அவுட் ஆனவர். கெல் புரூக்கை கெனடி கொலோவ்கினும் எரோல் ஸ்பென்ஸும் முன்பே நிலைகுலைய வைத்திருந்தனர். அதே ஆண்டுகளில் அப்பிரிவில் ஸ்பென்ஸ், கீத் தர்மன், டேனி கார்சியா, ஷான் போர்ட்டர் ஆகியோர் தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்தனர். கிராஃபோர்ட் வெளியே நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு அவரது தயக்கம் காரணமன்று. கிராஃபோர்ட் 'டாப் ரேங்க்' என்ற ஏற்பாட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தார். அப்பிரிவின் பிற முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் போட்டி நிறுவனமான 'பிரீமியர் பாக்சிங் சாம்பியன்ஸ்' பக்கம் இருந்தனர். இரு நிறுவனங்களின் ஒளிபரப்பு ஒப்பந்தங்களும் வெவ்வேறு. கிரிக்கெட்டிலோ டென்னிஸிலோ அட்டவணைப்படி எதிராளி வந்து நிற்பார். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படி ஓர் அட்டவணையே இல்லை. எதிராளி என்பவர் பேச்சுவார்த்தையின் விளைவு. 2021 நவம்பரில் போர்ட்டருடனான மோதல் நடந்ததுகூட, உலகப் பட்ட அமைப்பு ஒன்று அதைக் கட்டாயமாக்கியதால்தான். அதற்குப் பிறகு டாப் ரேங்கை விட்டு விலகிய கிராஃபோர்ட், அந்நிறுவனத்தின் மீது வழக்கும் தொடுத்தார்.

ஆகவே, 2018 முதல் 2021 வரையிலான அவரது பட்டியல் மெலிந்திருப்பது உண்மை. அதற்கான பொறுப்பை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது என்பதும் உண்மை. ஆனால், வரலாற்றில் ஒரு வீரரின் இடத்தை மதிப்பிடும்போது, 'வாய்ப்புக் கிடைத்திருந்தால் வென்றிருப்பார்' என்ற கணிப்பு, வென்ற போட்டிக்கு ஈடாகாது. அவரது ஆதரவாளர்கள் இவ்விடத்தைச் சற்று விரைவாகவே கடந்து செல்கின்றனர்.

விமர்சகர்களும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். சாதாரண எதிராளியை ஒருவர் எவ்வாறு வென்றார் என்பதும் ஒரு சான்றே. 2016 டிசம்பர் முதல் 2023 ஜூலை வரை கிராஃபோர்ட் மோதிய 11 பேரில் ஒருவர்கூட இறுதி மணி வரை நிற்கவில்லை. குறிப்பாகப் போர்ட்டரை எடுத்துக்கொள்ளலாம். புரூக், தர்மன், ஸ்பென்ஸ் ஆகிய மூவரும் அவரை வென்றிருந்தனர். ஆனால் மூவருக்கும் 12 சுற்றுகளும் நடுவர்களின் புள்ளிகளும் தேவைப்பட்டன. அவருக்கு எதிராக முதன்முதலாக ஆட்டத்தை இடையிலேயே முடித்தவர் கிராஃபோர்ட், அதுவும் பத்தாவது சுற்றில். ஒரே எதிராளியைப் பலர் சந்தித்திருக்கையில் கிடைக்கும் இத்தகைய ஒப்பீடு, வெறும் பெயர்ப் பட்டியலைவிட நம்பகமானது.

விவாதத்தின் மையம் 2023 ஜூலை 29 அன்று லாஸ் வேகாஸில் நடந்த மோதல். ஸ்பென்ஸ் அப்போது 28 மோதல்களில் தோல்வியறியாதவர். நான்கில் மூன்று பட்டங்கள் அவரிடம் இருந்தன. போட்டிக்கு முந்தைய நாள் வரை, இது இருவருக்கும் சமமான மோதல் என்றே பலரும் கருதினர். நடந்ததோ ஒருதலைப்பட்சமானது. இரண்டாவது சுற்றில் ஒரு முறையும் ஏழாவது சுற்றில் இரு முறையும் ஸ்பென்ஸ் தரையில் விழுந்தார். ஒன்பதாவது சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதன் பிறகே ஸ்பென்ஸின் மதிப்பு குறைக்கப்பட்டது. 2019-இல் அவர் சிக்கிய கடும் கார் விபத்து, 2021-இல் ஏற்பட்ட கண் காயம், எடையைக் குறைக்கப் பட்ட பாடு ஆகியவை பேசப்பட்டன. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், அதே விபத்துக்குப் பின்னர்தான் ஸ்பென்ஸ் கார்சியாவையும், அதே காயத்துக்குப் பின்னர்தான் யோர்டெனிஸ் உகாஸையும் வென்றார். அப்போது எவரும் அவரைத் தேய்ந்த வீரர் என்று கூறவில்லை. எதிராளியின் தரத்தை மணி அடிக்கும் முன் அவருக்கு இருந்த மதிப்பைக் கொண்டு அளக்க வேண்டும். தோற்ற பின் அளந்தால், அதிக ஆதிக்கத்துடன் வெல்பவரே அதிகம் தண்டிக்கப்படுவார்.

2025 செப்டம்பர் 13 அன்று சவுல் 'கனெலோ' அல்வாரெஸை வென்றது வேறு வகை. 69.9 கிலோ பிரிவில் ஒரே ஒரு முறை, 2024 ஆகஸ்டில், மோதியிருந்த கிராஃபோர்ட், இடையில் உள்ள பிரிவைத் தாண்டி 76.2 கிலோ பிரிவுக்குச் சென்றார். 70,000-க்கும் மேற்பட்டோர் அரங்கில் கூடியிருக்க, மூன்று நடுவர்களும் 116-112, 115-113, 115-113 என அவருக்கே வெற்றி அளித்தனர். ஏற்பாட்டு நிறுவனங்கள் எழுப்பிய சுவரைத் தகர்த்தது சவூதி அரேபியாவின் பணம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கனெலோ அப்போது தமது உச்சத்தில் இல்லை. 35 வயதான அவர், அதே ஆண்டு மே மாதம் வில்லியம் ஸ்கல்லுக்கு எதிராக ஆடிய ஆட்டம் அயர்ச்சியூட்டியது. ஆனால், கிராஃபோர்ட் அவரைவிட இரண்டு வயதுக்கும் மேல் மூத்தவர், இயல்பாகவே சிறிய உடல்வாகு கொண்டவர். வயதை ஒருவர் பக்கம் மட்டும் எண்ணுவது சரியான கணக்கன்று.

இவற்றைக் கொண்டு பார்த்தால், கிராஃபோர்ட் தம் தலைமுறையின் மிகச்சிறந்தவர்களுள் ஒருவர் என்பதை மறுக்க இயலாது. சுகர் ரே லியோனார்டுடன் சமமாக வைக்க முடியுமா என்பதே கடினமான கேள்வி. லியோனார்ட், தோல்வியறியாத வில்ஃபிரட் பெனிடெஸை 1979-இலும், ராபர்ட்டோ டுரானை 1980-இலும், தோல்வியறியாத தாமஸ் ஹெர்ன்ஸை 1981-இலும், மார்வின் ஹாக்லரை 1987-இலும் வென்றார். நால்வரும் தனித்தனியே மாபெரும் வீரர்களாக மதிக்கப்படுபவர்கள். கிராஃபோர்டின் பட்டியலில் அந்த உயரத்தில் இரு பெயர்களே உள்ளன. இரண்டும் 35 வயதுக்குப் பின் வந்தவை. லியோனார்டின் கணக்கில் தோல்விகள் உண்டு. டுரானிடம் முதலில் தோற்று, ஐந்தே மாதங்களில் மீண்டும் மோதி வென்றதே அவரது புகழைப் பெருக்கியது. இன்றைய சந்தையில் 'தோல்வி இல்லை' என்ற பூஜ்யத்துக்கு விலை அதிகம். வலிமையான எதிராளிகள் ஒருவரையொருவர் சந்திக்காமல் ஆண்டுகள் கழிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிராஃபோர்ட் விட்டுச் செல்லும் விடையில்லாக் கேள்வி ஜேரன் எனிஸ். ஸ்பென்ஸை வென்ற சில மாதங்களில் கிராஃபோர்டிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு பட்டம், 2023 நவம்பரில் தோல்வியறியாத இந்த இளம் வீரருக்கு வழங்கப்பட்டது. பத்து வயது இளையவரான எனிஸும் பின்னர் 69.9 கிலோ பிரிவுக்கு உயர்ந்தார். இருவரும் ஒருமுறைகூட மோதவில்லை.