ஊரே சபாவாக இருந்தது



பங்குனி பிறந்துவிட்டால் தென்மாவட்டங்களில் ஊர்ப் பெரியவர்கள் கூடி வரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று முடிவாகும். பந்தல், மைக்செட், பூசைச் சாமான் என்று செலவைப் பிரிக்கும்போதே நையாண்டி மேளத்துக்கும் கரகாட்ட செட்டுக்கும் வில்லுப்பாட்டுக்கும் தொகை ஒதுக்கிவிடுவார்கள். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கைமாறினால் தேதி உறுதி. வரி கொடுத்தவர் எல்லாருக்கும் அந்த இரவில் உரிமை உண்டு. பாட்டு பிசகினால் முகத்துக்கு நேரே சொல்வார்கள். பிடித்துவிட்டால் மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வரும்.

கர்நாடக இசைக்குச் சபாக்கள் இருக்கின்றன. சென்னை மியூசிக் அகாடமிக்கு வயது நூறை நெருங்குகிறது. நாட்டுப்புற இசைக்கு அப்படி ஒன்று இல்லையே என்று பலர் வருந்துவதுண்டு. இல்லாமல் என்ன? ஊரே சபா, தலைக்கட்டு வரியே சந்தா. அந்த ஊரை விட்டு நம்மில் பாதிப் பேர் பிழைப்புக்காக வந்துவிட்டோம். வரியைக் கைப்பேசியில் அனுப்புகிறோம். பாட்டுக் கேட்கப் போவதில்லை. போகிறவர்களுக்கும் முழு இரவு வாய்ப்பதில்லை. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை; விடிய விடிய நீண்ட வில்லுப்பாட்டுக் கதை பாதியில் முடிந்துவிடுகிறது. ஆடி தாண்டினால் கொடைகள் குறைந்துவிடும். பிறகு தை வரை கலைஞர்கள் பலருக்குக் கட்டட வேலையோ மற்றக் கூலி வேலையோதான் கைகொடுக்கிறது.

பழைய ஏற்பாடு புனிதமானது என்று சொல்ல வரவில்லை. வரி வசூலித்து ரசித்த அதே ஊர், பறை அடித்தவரைச் சமமாக நடத்தியதில்லை. இழவு வீட்டில் அடிப்பது அவருக்குச் சுமத்தப்பட்ட கடமை. கூலி என்பது கொடுப்பவர் மனசு. இனி அடிக்க மாட்டோம் என்று பலர் கருவியைக் கீழே வைத்ததற்கு நியாயம் உண்டு. அதே பறையைச் சுயமரியாதையோடு கையில் எடுத்தவர்கள் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்களும், மணிமாறன், மகிழினி ஆகியோரின் புத்தர் கலைக்குழுவும். பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று நகரங்களில் ஐ.டி. வேலைக்குப் போகும் பெண்களும் பையன்களும் வார இறுதியில் பறையாட்ட அடவு பழகுகிறார்கள்.

மேடைகளும் பெருகியிருக்கின்றன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா கிராமத்துக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் கொண்டுவந்தது. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யை நடத்திவருகிறது. இவை மகிழ்ச்சி தருபவைதான். ஆனால் 2011இல் ஆட்சி மாறியதும் சங்கமம் நின்றது. மறுபடி தொடங்க 2023 ஆயிற்று. ஆட்சியோடு நின்றுபோகும் மேடையை நம்பி எந்தத் தவில்காரரும் தன் பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்க மாட்டார். வருடத்துக்கு ஒரு நாள் பொன்னாடை மரியாதையைத் தரும். அடுத்த மாத அரிசிக்கு வழி செய்யாது.

ஆட்சியை நம்பாத மேடையும் உண்டு. இங்கிலாந்தில் 1950களிலும் 60களிலும் மதுக்கூடங்களின் மாடியறைகளில் நாட்டார் பாடல் மன்றங்கள் முளைத்தன. வாரம் ஒரு மாலை, சிறு கட்டணம், கேட்க வந்தவரும் எழுந்து பாடலாம். அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது, இளைஞர்கள் போதவில்லை என்ற கவலை அங்கே இருந்தாலும் பல மன்றங்கள் இன்னும் நடக்கின்றன. பெரிய விழா கொடுக்காத ஒன்றை அந்தச் சின்ன அறை கொடுக்கிறது: அடுத்த வாரமும் கூட்டம் இருக்கும் என்ற நிச்சயம்.

நாமும் செய்யலாம். அடுக்ககத்தின் வாசல், நூலக வளாகம், மொட்டை மாடி எதுவானாலும் போதும். மாதம் ஒரு மாலை, ஒரு குழு, வீட்டுக்கு ஒரு தொகை. சாதி பார்க்காத தலைக்கட்டு வரி. பறைக் குழு வந்தால் தோலைக் காய்ச்ச வெட்டவெளியும் கொஞ்சம் வைக்கோலும் தேவைப்படும். கணியான் கூத்தோ வில்லுப்பாட்டோ என்றால் கதை முடியும்வரை உட்கார்ந்து கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லாதீர்கள்; சினிமாப் பாட்டு கேட்டு நச்சரிக்காதீர்கள். முடிந்தால் குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். கைதட்டும்போது தாளம் தப்பினாலும் பரவாயில்லை.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குகிறோம். உங்கள் ஊர்ப் பக்கம் ஆடும், பாடும், அடிக்கும் குழுக்களைப் பற்றி, அவர்களின் சம்மதம் கேட்டுக்கொண்டு, எங்களுக்கு எழுதுங்கள். நீங்கள் கூட்டிய மாலை எப்படி நடந்தது என்பதையும் எழுதுங்கள். குழுவை அழைக்கும்போது வேன் வாடகையும் சாப்பாடும் தனி, சம்பளம் தனி என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பேசும்போது ஒன்றே ஒன்று: கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கேட்டதை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம் அல்லவா, அந்தத் தாராளம் மேளக்காரரிடமும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்